அடியில்லாத பாத்திரம்: பரணில் கிடைத்த சமையலறைக் கருவி ஒன்றை அடையாளம் கண்டு, புழங்கிப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது அது ஒரு பாத்திரம் போலத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடி கிடையாது. வாய் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் அகலம். சுவர் கீழே போகப் போகக் குறுகி, உட்பக்கமாக மடிந்த ஒரு மெல்லிய விளிம்போடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் ஓட்டைதான். ஒரு பக்கத்தில் நீண்ட கைப்பிடியும், அதற்கு நேர் எதிரே வளைந்த இரண்டு கொக்கிகளும் இருந்தன. அதே பெட்டியின் இன்னொரு மூலையில், மரக்குமிழ் வைத்த ஒரு வளைந்த கம்பி, அரைநிலா வடிவில் சாய்வாகத் திருகிய ஒரு தகடு, கனமான ஒரு ஸ்பிரிங், நடுவில் துளையுள்ள ஒரு குறுக்குச் சட்டம் ஆகியவை ஒன்றோடொன்று கோத்தபடி பழந்துணிக்குள் கிடந்தன. இரண்டும் ஒரே பொருளின் பாகங்கள் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “உங்க பாட்டியோடது. எதுக்குன்னு நான் கேட்டதும் இல்ல, அவங்க சொன்னதும் இல்ல,” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். புனலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். ஆனால் அவ்வளவு பெரிய ஓட்டையுள்ள புனலால் எதை எதற்குள் ஊற்றுவது? ஏதோ விளக்கின் மேல்மூடி என்று அண்ணன் அடித்துச் சொன்னார். கைபேசியில் படம் எடுத்துத் தேடியபோது, தேடலும் அண்ணன் பக்கமே சாய்ந்து வரிசையாக விளக்கு மூடிகளைக் காட்டியது. குற்றம் தேடலுடையது அன்று. மேலிருந்து, தனியாக, மற்ற பாகங்கள் இல்லாமல் எடுத்த படம் அது. பழைய கருவி எதையும் படம் வைத்துத் தேட விரும்புகிறவர்கள் கிடைத்த பாகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, பக்கவாட்டிலிருந்து ஒன்றும் மேலிருந்து ஒன்றும், அளவு தெரியும்படி அருகில் ஒரு கரண்டியை வைத்து எடுத்தால் பாதி அலைச்சல் குறையும்.

படத்தை விட்டுவிட்டு, பொருளையே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் வழி திறந்தது. ஒரு கருவி என்ன வேலை செய்தது என்பதை அதன் தேய்மானம் சொல்லும் அளவுக்கு அதன் உருவம் சொல்வதில்லை. உட்சுவரின் மேற்பாதி பளபளப்பாகவே இருந்தது. கீழே கடைசி இரண்டு விரற்கடை உயரத்தில் மட்டும் மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாக ஓடின. ஆகவே உள்ளே ஏதோ ஒன்று அடியை ஒட்டிச் சுழன்றிருக்கிறது. கொக்கிகளின் உள்வளைவு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. எனவே அது ஆணியில் தொங்கவிடுவதற்கான கொக்கி அன்று, வேறொரு பாத்திரத்தின் விளிம்பில் உட்கார்ந்து வேலை செய்த கொக்கி. அரைநிலாத் தகட்டின் முன்விளிம்பு கத்திபோல் கூராக இல்லாமல் மழுங்கி, சற்றுத் தேய்ந்து, அலைபோல நெளிந்திருந்தது. அது எதையும் வெட்டியதில்லை, அழுத்தியிருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. வாயின் உள்விளிம்பில் எதிரெதிரே இருந்த இரண்டு சிறு மடிப்புகளுக்குள் குறுக்குச் சட்டத்தின் முனைகளை நுழைத்து அழுத்தியபோது ‘டக்’ என்று உட்கார்ந்துகொண்டது. கம்பியைச் சுற்றினால் தகடு சுழன்றது. ஆனால் அடியில் ஒன்றுமில்லாததால் அந்தரத்தில் சுழன்றது.

அப்படியானால் காணாமல் போனது அடித்தட்டு. இந்த முடிவுக்கு வந்ததும், வீட்டில் எங்கோ பார்த்த துளையுள்ள வட்டத்தகடு ஒன்று நினைவுக்கு வந்தது. பல வருடங்களாக இரும்புச் சாமான்களுக்கு இடையே, என்னவென்று தெரியாமலேயே தூக்கிப் போடப்படாமல் தப்பித்து வந்த தகடு அது. தேடியதில் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தன. மூன்றாவதை, மண் வெளியே போகாமல் தடுக்க யாரோ ஒரு பூந்தொட்டியின் அடியில் போட்டிருந்தார்கள் என்பது பிறகு தொட்டி மாற்றும்போது தெரிந்தது. எடுத்தபோது பாதி துருவாக உதிர்ந்தது. இருந்த இரண்டில் ஒன்றின் துளைகள் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், மற்றதன் துளைகள் நான்கு மில்லிமீட்டர். இரண்டுமே நடுவில் சற்று மேடாக இருந்தன. பாத்திரத்தின் உள்மடிப்பின்மேல் தகட்டை வைத்து, மேலே அரைநிலாவை இறக்கி, குறுக்குச் சட்டத்தைப் பூட்டியவுடன் ஸ்பிரிங் அழுத்தம் ஏறியது. அந்த நிலையில் எடுத்த படத்தை வைத்துத் தேடியபோது முதல் விடையே சரியாக இருந்தது: ஃபுட் மில், அதாவது வெந்த காய்கனிகளை மசித்து, தோலையும் விதையையும் மேலே நிறுத்திக்கொண்டு சதையை மட்டும் கீழே அனுப்பும் கைச்சுற்றுக் கருவி.

பெயர் தெரிந்தபின் வயது தெரிய வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் அழுக்குக்குள் புதைந்திருந்த எழுத்துகளைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தெடுத்ததில், தயாரிப்பாளர் பெயர் படிக்க முடியாதபடி மழுங்கியிருந்தாலும் ‘எஸ்.ஜி.டி.ஜி.’ என்ற நான்கு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. இது பிரெஞ்சுக் காப்புரிமை முத்திரை. ‘அரசின் உத்தரவாதம் இன்றி’ என்பதன் சுருக்கம். 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காப்புரிமை பெற்ற பொருள் உண்மையில் புதியதா, வேலை செய்யுமா என்பதற்கெல்லாம் அரசு பொறுப்பேற்காது என்று வாங்குகிறவருக்குச் சொல்லவே இந்த எழுத்துகளைப் பொறித்தார்கள். 1968-இல் சட்டம் திருத்தப்பட்டபோது இந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. தன் பொருளின் நெற்றியிலேயே ‘உத்தரவாதம் இல்லை’ என்று எழுதி விற்ற காலம் ஒன்று இருந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இன்று அதையே பொடி எழுத்தில் பெட்டியின் அடிப்பக்கத்தில் அச்சிடுகிறார்கள்.

இத்தகைய முத்திரைகள், எந்தப் பழைய கருவியை வைத்துக்கொண்டு விழிப்பவருக்கும் கைகொடுக்கும். ‘டி.ஆர்.பி.’ என்றிருந்தால் 1877-இல் தொடங்கிய ஜெர்மன் பேரரசுக் காப்புரிமை, ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்றிருந்தால் 1891-இல் அங்கே சிறு கண்டுபிடிப்புகளுக்கென ஏற்படுத்திய பதிவு. பிரிட்டிஷ் பொருள்களில் சாய்சதுர வடிவ முத்திரை 1842 முதல் 1883 வரை இருந்தது. 1884 முதல் வெறும் பதிவு எண் வந்தது. அமெரிக்கக் காப்புரிமை எண் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தால், அந்த உரிமை 1911-க்கு முந்தையது அன்று. முத்திரை சொல்வது காப்புரிமையின் காலத்தைத்தான். அதே அச்சில் பல ஆண்டுகள் கழித்தும் பொருளை வார்த்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த எச்சரிக்கையோடு சொன்னால், என் கருவிக்கு மேல்வரம்பு ஏறக்குறைய 1968. கீழ்வரம்பு வரலாற்றிலிருந்து கிடைக்கிறது. இந்த வகைக் கருவிக்கு 1928-இல் பெல்ஜியத்தில் விக்தோர் சிமோன் என்பவர் காப்புரிமை பெற்றார். அங்கே இதைப் ‘பாஸ்-வீட்’ என்கிறார்கள், ‘சட்டென்று கடந்து போ’ என்பது போன்ற பொருளில். 1932-இல் பிரான்சில் ஜான் மாந்த்லே ‘காய்கறி ஆலை’ என்ற பெயரில் தன்னுடையதைக் கொண்டுவந்தார். மனைவி மசித்த உருளைக்கிழங்கு கட்டி கட்டியாக இருந்ததுதான் அதற்குக் காரணம் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கட்டி தட்டியதற்கு மனைவியையும் கருவி செய்ததற்குக் கணவரையும் மட்டும் நினைவில் வைத்திருக்கும் கதை என்பதால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த ஆலையிலிருந்து வளர்ந்த நிறுவனம், 1957-இல் ‘மூலினெக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது என்பதும், அந்தப் பெயரின் முற்பாதி ‘ஆலை’ என்ற பிரெஞ்சுச் சொல்தான் என்பதும் உண்மை. ஜெர்மனியில் இதே கருவியை ‘ஃப்ளோட்டே லோட்டே’, அதாவது ‘சுறுசுறுப்பான லோட்டே’ என்று ஒரு பெண்பிள்ளையைப் போலக் கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து ஃபோலி நிறுவனத்தின் பெயரே கருவியின் பெயராக வழங்கியது. ஆக, என் கையில் இருப்பது பெரும்பாலும் 1930-களுக்கும் 1968-க்கும் இடைப்பட்ட பொருள் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சமையலில் இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது உலோகம். காந்தம் ஒட்டியது, கீறல் விழுந்த இடங்களில் மட்டும் துரு இருந்தது, மற்ற இடமெல்லாம் மங்கிய சாம்பல் நிறம். எனவே இது எவர்சில்வர் அன்று, இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசிய தகரம். வெள்ளீயப் பூச்சு உணவுக்கு ஏற்றதே. கவலைப்பட வேண்டியது பற்றவைத்த இடங்களைப் பற்றித்தான், ஏனென்றால் பழைய தகரச் சாமான்களில் காரீயம் கலந்த பற்றாசு வைத்து ஒட்டுவது வழக்கமாக இருந்தது. இணைப்புகளில் மெழுகு உருகி உறைந்ததுபோல் மங்கிய சாம்பல் திட்டுகள் தெரிந்தால், அந்தக் கருவியை அலமாரியில் அழகுக்கு வைத்துவிடுவதே நல்லது. குறிப்பாகப் புளிப்பான எதையும் அதில் போடக்கூடாது. என் கருவியின் சுவர் ஒரே தகட்டிலிருந்து அழுத்தி எடுத்தது. கைப்பிடியும் கொக்கிகளும் ரிவெட் அடித்தவை. பற்றாசு எங்கும் இல்லை. அதை உறுதி செய்துகொண்ட பிறகே அடுப்பைப் பற்றவைத்தேன்.

முதல் முயற்சி படுதோல்வி. வெந்த உருளைக்கிழங்கைப் போட்டுச் சுற்றினேன். கிழங்கும் தகடோடு சேர்ந்து ஊர்வலம் வந்ததே தவிர, கீழே ஒரு துளிகூட இறங்கவில்லை. துளைத்தகட்டை நான் தலைகீழாக வைத்திருந்தேன். மேடு கீழே போய்விட்டதால், அரைநிலா ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நடுவில் இடைவெளி விட்டுச் சுழன்றிருக்கிறது. திருப்பி வைத்ததும் கருவியின் குணமே மாறியது. சாய்வான தகட்டின் அடியில் கிழங்கு நுழைகிறது. போகப் போக இடைவெளி குறுகுகிறது. தப்பிக்க வழியின்றித் துளைகள் வழியே இழை இழையாக வெளியேறுகிறது. ஏதாவது கடினமாக மாட்டிக்கொண்டால் ஸ்பிரிங் சற்று அமுங்கி, தகடு அதன்மேல் ஏறி இறங்கிவிடுகிறது. கை வலிக்காமலிருப்பதற்கும் கம்பி முறியாமலிருப்பதற்கும் அந்த ஸ்பிரிங்தான் காரணம். ஒரு கிலோ கிழங்கு, தோலை உரிக்காமல் போட்டு, ஏழு நிமிடத்தில் முடிந்தது. தோல் முழுவதும் மேலேயே சுருண்டு கிடந்தது.

மசியலின் தரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியை இன்றும் வைத்துக்கொள்ள வேண்டிய முதன்மையான காரணம் அதுவே. மிக்சியின் அலகுகள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழன்று உருளைக்கிழங்கின் செல்களைக் கிழித்துவிடுகின்றன. அவற்றுக்குள் இருக்கும் மாவுச்சத்து வெளியே கொட்டி, மசியல் பசைபோல இழுபடுகிறது. போஸ்டர் ஒட்டலாம் போல ஆகிவிட்ட மசியலை நான் முன்பு பலமுறை செய்திருக்கிறேன். ஃபுட் மில் வெந்த செல்களை வெட்டாமல் பிரித்துத் தள்ளுவதால், மசியல் உதிரியாகவும் மென்மையாகவும் வருகிறது. சிறு துளைத்தகட்டில் ஒரு முறை விட்டதே போதுமானதாக இருந்தது. இரண்டாம் முறை விட்டுப் பார்த்தேன். மென்மை கூடவில்லை, பசைத்தன்மைதான் லேசாகத் தலைகாட்டியது.

தக்காளியில் இந்தக் கருவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. மிக்சியில் அரைத்தால் காற்று புகுந்து சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும்; விதையும் உடைந்து லேசான கசப்பு வரும்; பிறகு தனியாக ஒரு சல்லடையும் வேண்டும். இங்கே லேசாக வேகவைத்த பழத்தை அப்படியே போட்டுச் சுற்றினால், நிறம் மாறாத கெட்டியான சாறு கீழே இறங்குகிறது. மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகு தோல்கள் துளைகளை அடைத்துக்கொள்ளும். அப்போது அரைச் சுற்று எதிர்த்திசையில் சுற்றினால், தகட்டின் பின்விளிம்பு அவற்றைச் சுரண்டி மேலே தூக்கிவிடும். இந்த எதிர்ச்சுற்றைத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான் இக்கருவியைத் திட்டுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் முதல் நாள் திட்டினேன். தக்காளி விதை என் ஒன்றரை மில்லிமீட்டர்த் தகட்டில் பெரும்பாலும் நின்றுவிட்டது. நான்கு மில்லிமீட்டரில் நிற்கவில்லை.

ஆப்பிளை நான்காக வெட்டி, தோலும் நடுப்பகுதியும் நீக்காமல் வேகவைத்துப் போட்டபோதும் கூழ் மட்டுமே வந்தது. விதைகள் உடையாமல் மேலே தங்கின. ஆப்பிள் விதையை நொறுக்கினால் சயனைடு தரும் அமிக்டலின் என்ற பொருள் அதில் இருப்பதால், உடையாமல் இருப்பது வெறும் ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அன்று.

செய்ய முடியாதவையும் உண்டு. பச்சைக் கேரட்டைப் போட்டால் ஸ்பிரிங் அமுங்கித் தகடு அதன்மேல் சவாரி செய்கிறது, அவ்வளவுதான். அரைவேக்காடாக இருந்தால் மணிக்கட்டு கெஞ்சும். நார்க்காய்களின் நார் குறுக்குச் சட்டத்தின் தண்டில் சுற்றிக்கொண்டு, பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு குவளை அளவுக்குக் குறைவாகப் போட்டால் தகட்டுக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. ஒருவருக்கு மட்டும் சமைப்பவர் இதை எடுப்பதும் கழுவுவதும் வீண்வேலை. கொக்கிகள் இருந்தும், அகலம் பொருந்தாத பாத்திரத்தின்மேல் வைத்தால் கருவி வழுக்குகிறது. ஒரு கை கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று வரும் சிலவற்றில் கொக்கிகளுக்குப் பதில் ரப்பர் நுனி வைத்த மடக்குக்கால்கள் இருக்கின்றன. அந்த ஒரு விஷயத்தில் புதியது பழையதை வென்றுவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கழுவுவதில் பழைய தகரத்துக்கென்று சில நிபந்தனைகள் உண்டு. இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் வெள்ளீயம் போய்விடும். காரத்தன்மை மிகுந்த கழுவும் பொடிகளும் அதை அரிக்கும் என்பதால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக்கூடாது. வேலை முடிந்த கையோடு வெந்நீரில் மூழ்கவைத்து, மென்மையான துலக்கியால் துளைகளைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தட்டினால் சக்கை விழுந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துக் கழுவினால் ஒவ்வொரு துளையையும் குச்சியால் குத்த வேண்டியிருக்கும். தக்காளி போன்ற புளிப்பானவற்றை அதில் ஊறவிடக்கூடாது. துடைத்தபின் ஈரம் முழுவதும் காய வேண்டும். நான் ஒரு நாள் சோம்பலில் ஈரத்தோடு கவிழ்த்து வைத்துவிட்டேன். காலையில் தகட்டின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருந்தது. வினிகரில் நனைத்த துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, உடனே நன்றாகக் கழுவிக் காயவைத்ததில் போய்விட்டது. தண்டு கிறீச்சிட்டால் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் போதும்.

இதே போன்ற ஒன்றைப் பழைய பொருள்களுக்கு இடையே கண்டு வாங்க நினைப்பவர்கள், பளபளப்பைப் பார்க்காமல் மூன்று இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டம் தன் மடிப்புகளில் ஆடாமல் உட்கார்கிறதா, பூட்டியபின் தகடு துளைத்தகட்டை நடுவிலிருந்து ஓரம்வரை தொடுகிறதா, துளைத்தகடுகள் கூடவே இருக்கின்றனவா என்பவை அவை. முதல் இரண்டில் குறையிருந்தால் வளைத்து நிமிர்த்திச் சரிசெய்யலாம். துளைத்தகடு ஒன்றுகூட இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறு விட்டத்தில் செய்திருக்கிறார்கள், ஒருவருடையது மற்றவருடையதில் உட்காருவதில்லை. தொலைந்த என் நடுத்தரத் தகட்டுக்காக வேறு இரண்டு பழைய தகடுகளை வைத்துப் பார்த்தேன். ஒன்று ஓட்டை வழியே நேராகக் கீழே விழுந்தது, மற்றொன்று உள்ளேயே இறங்கவில்லை.

இப்போது வாரத்தில் இரண்டு நாளாவது இது அடுப்படிக்கு வருகிறது. போன வாரம் அம்மாவே ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாலு சுற்று சுற்றியதும், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, கையைத் திருப்பி அரைச் சுற்றுப் பின்னால் சுற்றினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “உங்க பாட்டி இப்படித்தான் சுத்துவாங்க,” என்றார். பிறகு, தான் அதைப் பார்த்திருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, மரக்குமிழிலிருந்து கையை எடுக்காமல் சற்று நேரம் நின்றார்.